பொலோஞாவில் ஒரு பகற்போசனம்

இத்தாலிய உணவு என்று பிறநாட்டார் ஒரே பெயரால் வழங்கும் உணவை இத்தாலியர் அப்பெயரால் அழைப்பது அரிது. அவர்களைக் கேட்டால், இது நேப்பிள்ஸ் உணவு, இது உரோமாபுரி உணவு, இது சிசிலித் தீவினது, இது பொலோஞாவினது என்றே பிரித்துச் சொல்வார்கள். இதில் வியப்பில்லை. இத்தாலி ஒரே அரசாக இணைந்தது 1861ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர்ப் பல நூற்றாண்டுகளாக அந்நாடு நகர அரசுகளாகவும், சிற்றரசுகளாகவும், பாப்பரசரின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசங்களாகவும் பிரிந்து கிடந்தது. பின்னர்க் கொடி ஒன்றாயிற்று, நாணயம் ஒன்றாயிற்று, அடுப்பு மட்டும் ஒன்றாகவில்லை.

அடுப்புக்களை ஒன்றாக்க முயன்றவர் ஒருவர் உண்டு. பெல்லெகிரீனோ ஆர்த்தூசி என்பது அவர் பெயர். பொலோஞாவுக்குத் தென்கிழக்கேயுள்ள போர்லிம்பொப்போலி என்னும் சிற்றூரிலே 1820இற் பிறந்து, புளோரன்ஸ் நகரிலே பட்டு வணிகராயிருந்தவர். முதுமையில் அவர் ஒரு சமையல் நூலை எழுதினார். அதனை வெளியிட ஒருவரும் முன்வராமையால் 1891இலே தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். முதற் பதிப்பில் 475 பாகங்கள் இருந்தன. நாட்டின் பல பகுதிகளிலுமிருந்து இல்லத்தரசிகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, அவர் 1911இல் மறைவதற்குள் 790 பாகங்களைக் கொண்டதாயிற்று. இன்றும் அந்நூல் இத்தாலிய வீடுகளில் உண்டு. ஆயினும் ஆர்த்தூசி ஒன்றாகச் சேர்த்தது ஏட்டிலேதான். ஊர்தோறும் அடுப்பு தன் வழியிலேயே எரிந்தது.

பொலோஞா நகரம் வட இத்தாலியிலே, கி.மு. 187இல் உரோமர் அமைத்த எமிலியா பெருவீதியில் உள்ளது. அவ்வீதி அட்ரியாற்றிக் கடற்கரையிலுள்ள றிமினியிலே தொடங்கி, பொலோஞா, மொடெனா, றெஜ்ஜோ, பார்மா ஆகிய நகரங்களைக் கோத்துக்கொண்டு பியச்சென்சாவை அடைகின்றது. ஒருபுறம் போ ஆற்றின் சமவெளி. மறுபுறம் அப்பெனைன் மலை. சமவெளியிலே கோதுமையும் பசுவும் பன்றியும் செழித்தன. ஆகவே அந்நகரங்களின் பெயர்கள் உணவின் பெயர்களாகவே உலகெங்கும் பரவின. பொலோஞாவுக்கு மூன்று பட்டப்பெயர்கள் வழங்குகின்றன: கற்றது, கொழுத்தது, சிவந்தது. 1088ஆம் ஆண்டு தொட்டு விளங்குவதாகக் கொள்ளப்படும் பல்கலைக்கழகத்தினாற் கற்றது. செங்கட்டிக் கூரைகளினாற் சிவந்தது. அரசியலினாலும் என்பார் உளர். கொழுத்தது எதனால் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நகரிலே உணவருந்தும் இடங்களுக்குத் தொன்றுதொட்டு மூன்று பெயர்கள் வழங்கின. றிஸ்தொராந்தே என்பது வெள்ளை விரிப்பும் பணியாளர் வரிசையும் உள்ள பெரிய உணவுச்சாலை. ஒஸ்தெரியா என்பது ஆதியில் மதுச்சாலை. அங்கே மதுவை வாங்குவார்கள். உணவை வீட்டிலிருந்து பொதி கட்டிக் கொண்டுவருவார்கள். பொலோஞாவிலே 1465ஆம் ஆண்டு முதல் நடப்பதாகச் சொல்லப்படும் ஒஸ்தெரியா ஒன்றில் இன்றும் அவ்வழக்கமே உள்ளது. சந்தையில் வாங்கிய இறைச்சியையும் ரொட்டியையும் மேசையில் விரித்துவைத்துக்கொண்டு மதுவுக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது திராத்தொரியா. ஒரு குடும்பம் தன் வீட்டிலே உண்பதையே சற்றுப் பெரிய பானையில் ஆக்கி ஊராருக்கும் வழிப்போக்கருக்கும் பரிமாறும் சாலை அது. இக்காலத்தில் இப்பெயர்கள் கலந்துவிட்டன. ஒஸ்தெரியா என்று பலகை மாட்டிக்கொண்டு பெருஞ்செல்வருக்கு மட்டும் கட்டுபடியாகும் விலையில் உணவு விற்போரும் இருக்கிறார்கள். ஆகவே பெயரை நம்புவதிலும் அடுக்களையிலே நிற்பவர் யார் என்று பார்ப்பதே மேல்.

அடுக்களையிலே நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண். அதற்கு ஒரு வரலாறு உண்டு. எமிலியா, றோமாஞா ஆகிய பகுதிகளிலே நிலம் நெடுங்காலம் வாரக் குடிமுறையிற் பயிரிடப்பட்டது. விளைவில் ஏறத்தாழப் பாதி நிலக்காரருக்கு; மீதி பயிரிட்ட குடும்பத்துக்கு. தந்தையும் மைந்தரும் மருமக்களும் பேரரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். வயல் ஆண்களின் பொறுப்பு. வீடும், கோழியும், முட்டையும், மாப்பானையும், அவற்றின் திறவுகோலும் மூத்த பெண்ணின் பொறுப்பு. அவளை அப்பகுதி வழக்கிலே அஸ்தோரா என்பார்கள். ஆள்பவள் என்பது பொருள். இருப்பதைக் கொண்டு இருபது பேருக்கு உணவிடுவது அவள் கலை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்த் தொழிற்சாலைகள் பெருக, நாட்டுப்புறம் வெறிச்சோடத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று புதிய வாரக் குடி உடன்படிக்கைகளைத் தடைசெய்தது. நிலத்தைவிட்டு நகருக்கு வந்த குடும்பங்களிடம் முதல் இல்லை, படிப்பும் குறைவு. மனைவிக்கும் தாய்க்கும் கைவந்த சமையல் மட்டும் இருந்தது. அந்தக் கையே பல திராத்தொரியாக்களுக்கு மூலதனமாயிற்று.

இத்தகைய சாலை ஒன்றினுள் நண்பகலிலே நுழைபவரைப் பெரிய அலங்காரம் எதுவும் வரவேற்பதில்லை. பத்துப் பன்னிரண்டு மேசைகள். சுவரிலே மங்கிய புகைப்படங்கள். பக்கத்துத் தொழிற்கூடத்து ஆட்கள், வழக்கறிஞர் ஒருவர், தனியே அமர்ந்து பத்திரிகை படிக்கும் முதியவர். பணப்பெட்டியருகே தந்தை, மேசைகளுக்கிடையே மகன், உள்ளே தாய் என்பது வழக்கமான அமைப்பு. உணவுப் பட்டியல் சிறியது. முதற் பகுதியில் நான்கைந்து பண்டங்கள். இரண்டாம் பகுதியில் அவ்வளவே. சில சாலைகளில் அச்சிட்ட பட்டியலும் இல்லை. மகன் நின்றபடியே ஒப்புவிக்கிறான். அமர்ந்தவுடன் ரொட்டி வந்துவிடும். அதற்கும் விரிப்புக்குமாக ஒரு சிறு கட்டணம் கணக்கிலே சேர்க்கப்படும். கொபெர்த்தோ என்னும் இக்கட்டணத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் வெளிநாட்டார் பலர். பட்டியலிலே முன்னரே குறித்திருத்தல் வேண்டும் என்பதே நியதி. குறித்திருந்தால் அதில் வஞ்சனையில்லை.

பட்டியல் ஏன் இவ்வளவு சிறியது என்று ஐயுறுபவர் விடியற்காலையிலே அந்த அடுக்களையை எட்டிப்பார்த்தல் வேண்டும். அங்கே பெரியதொரு மரப்பலகை கிடக்கிறது. அதன்மேற் கோதுமை மாவைக் குவித்து, நடுவே குழி செய்து, முட்டைகளை உடைத்து ஊற்றுகிறார்கள். நூறு கிறாம் மாவுக்கு ஒரு முட்டை, இதுவே அளவு. தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை. கையாற் பிசைந்து, உருண்டையாக்கி, மூடி, அரைமணி நேரம் ஆறவிடுகிறார்கள். பின்னர் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுள்ள உருளைக்கட்டையினாலே அதனை விரிக்கிறார்கள். கட்டையை அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. மாத்தகட்டைக் கட்டையிற் சுற்றி, உள்ளங்கைகளாற் பக்கவாட்டில் இழுத்து, கால்வட்டம் திருப்பி, மீண்டும் சுற்றி இழுத்தல் வேண்டும். சற்றுத் தாமதித்தால் மா உலர்ந்து வெடிக்கும்; அவசரப்பட்டால் கிழியும். இறுதியிற் பலகையின் விளிம்பிலே தொங்கும் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் விரிகின்றது. ஸ்ஃபோலியா என்பது அதன் பெயர். அதனை விரிப்பவள் ஸ்ஃபோலீனா. நகருக்கு அப்பால் மலையுச்சியிலே புனித லூக்காவின் ஆலயம் உண்டு. மாத்தகட்டைத் தூக்கிப் பிடித்தால் அதனூடே அவ்வாலயம் தெரிய வேண்டும் என்பது பொலோஞாப் பெண்களின் வாய்மொழி.

தென்னித்தாலியிலிருந்து உலகெங்கும் போகும் உலர்ந்த பாஸ்தாவுக்கும் இதற்கும் பெயரளவிலேதான் உறவு. அது வன்கோதுமை ரவையும் தண்ணீரும் கலந்து, இயந்திரத்தினாற் பிழிந்து, உலர்த்திப் பல மாதம் வைத்திருக்கத்தக்கது. இத்தாலியிலே அவ்வுலர்ந்த பாஸ்தாவை வன்கோதுமையினாலேயே செய்தல் வேண்டும் என்று 1967இலே சட்டமும் இயற்றப்பட்டது. பொலோஞாவின் மாத்தகடோ மென்கோதுமையினாலானது. முட்டையின் வலுவிலே நிற்பது. அன்றன்று ஆக்கி அன்றன்று உண்பது. மரப்பலகையும் மரக்கட்டையும் தேய்ப்பதனால் அதன் மேற்புறம் சிறிது சொரசொரப்பாகின்றது. குழம்பு அதனைப் பற்றிக்கொள்வதற்குக் காரணம் அச்சொரசொரப்பே. வழுவழுப்பான உருக்கு உருளைகளிடையே செல்லும் மாவுக்கு இது வாய்ப்பதில்லை. இயந்திரமும் நல்ல தகட்டை விரிக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கவளம் போதும், நாவுக்கு வேறுபாடு தெரிந்துவிடும்.

விரித்த தகட்டைச் சுருட்டி நாடாக்களாக வெட்டினால் அது தாலியத்தெல்லே. இந்த நாடாவின் அகலம் பற்றி நகரத்தார் காட்டிய அக்கறை வேடிக்கையானது. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி, இத்தாலியச் சமையற் கழகத்தார் பொலோஞா வர்த்தக மன்றத்திலே தாலியத்தெல்லேயின் அளவைப் பதிவுசெய்தனர். வெந்தபின் அகலம் 8 மில்லிமீற்றர். அதாவது நகரின் அசினெல்லிக் கோபுரத்து உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. அளவு பிறழாதிருக்கப் பொன்னாலே ஒரு நாடாவும் செய்து கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். ஓர் அரசகுமாரியின் பொற்கூந்தலைக் கண்ட சமையற்காரன் ஒருவன் இதனை ஆக்கினான் என்று சொல்லப்படும் கதையோ, 1931இலே ஒரு நகைச்சுவை எழுத்தாளர் புனைந்தது. பழமை என்று எண்ணப்படுவனவற்றுட் சில இவ்வளவு இளையவை. பொன் நாடா பேழையிலே கிடக்கட்டும்; அடுக்களையிலே நிற்கும் பெண் அளவுகோல் எடுப்பதில்லை. அவள் விரல்களுக்கு அகலம் தெரியும்.

அதே தகட்டைச் சிறு சதுரங்களாக வெட்டி, நடுவே கடலையளவு பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, சிறுவிரலைச் சுற்றி வளைத்து முனைகளைப் பொருத்தினால் அது தோர்த்தெல்லீனி. பன்றியின் முதுகிறைச்சி, உப்பிட்டு உலர்த்திய தொடையிறைச்சி, மோர்த்தடெல்லா, பாற்கட்டி, முட்டை, சாதிக்காய் ஆகியன பூரணத்தில் அடங்குவன. இதன் செய்முறையும் 1974 டிசெம்பர் 7ஆந் திகதி பதிவேறியது. இது பொலோஞாவினதா மொடெனாவினதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டுக்கும் நடுவேயுள்ள கஸ்தெல்பிராங்கோ என்னும் ஊரிலே பிறந்தது என்று சமரசம் சொல்வார் உளர். ஆனால் அவ்வூர் 1929இலே பொலோஞா மாகாணத்திலிருந்து மொடெனா மாகாணத்துக்கு மாற்றப்பட்டது; அதனாற் சமரசமும் வழக்காயிற்று. எவ்வாறாயினும், இதனைக் கோழிச் சாற்றிலே வேகவைத்துச் சாற்றோடே உண்ண வேண்டும் என்பதில் இரு நகரத்தாரும் ஒருமனப்பட்டவர்கள். பாலாடைக் குழம்பிலே மிதக்கவிட்டுப் பரிமாறுவது பிற்கால வழக்கம். அதனை மூத்தோர் மன்னிப்பதில்லை. கேட்பவர் தொகை மட்டும் குறைவதில்லை.

இலங்கை நேயர்களுக்கு அவ்வடுக்களையிலே பழகிய பொருளொன்று தென்படும். பாஸ்ஸத்தெல்லி என்னும் பண்டத்துக்குரிய துளையிட்ட அச்சே அது. பழைய ரொட்டித் தூள், பாற்கட்டித் தூள், முட்டை, சாதிக்காய் ஆகியவற்றைப் பிசைந்து, இடியப்பம் பிழிவது போல அதனூடே கொதிக்கும் சாற்றிற் பிழிகிறார்கள். இழை மட்டும் தடித்தது. மிஞ்சிய ரொட்டியை வீசாத வீட்டில் பிறந்த உணவு. அஸ்தோராவின் சிக்கனத்தை ஒரு கிண்ணத்திலே காண விரும்புபவர் இதனைக் கேட்டு வாங்கலாம்.

தாலியத்தெல்லேயின் மேல் ஊற்றும் இறைச்சிக் குழம்பு ராகூ எனப்படும். அதன் செய்முறையும் 1982 ஒக்டோபர் 17ஆந் திகதி வர்த்தக மன்றத்தை அடைந்தது. கொத்திய மாட்டிறைச்சி 300 கிறாம், உப்பிட்ட பன்றி வயிற்றிறைச்சி 150 கிறாம், கரற் 50, செலரி 50, வெங்காயம் 30, சிறிது தக்காளி, அரைக் குவளை வெள்ளை மது, ஒரு குவளை பால். தக்காளி எவ்வளவு குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளி கிடையவே கிடையாது. சிறு தீயிலே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அது முணுமுணுத்துக்கொண்டிருத்தல் வேண்டும். சிவந்த தக்காளிக் குழம்பை ஸ்பகெற்றியின் மேல் ஊற்றி, அதற்குப் பொலோஞாவின் பெயரையே வைத்து உலகம் உண்கின்றது. பொலோஞாவின் திராத்தொரியாக்களிலே அதனைக் கேட்பவருக்கு ஒரு புன்னகையும் தாலியத்தெல்லேயும் கிடைக்கும். 2019ஆம் ஆண்டு அந்நகரபிதா, உலகெங்குமிருந்து அப்போலிப் பண்டத்தின் படங்களை அனுப்புமாறு பகிரங்கமாகவே கேட்டார். உருண்டு வழுக்கும் ஸ்பகெற்றியிலிருந்து குழம்பு கீழே வடிந்துவிடுகின்றது. தட்டையான, சொரசொரத்த நாடாவோ குழம்பையும் சுமந்துகொண்டு வாய்க்கு வருகின்றது. நகரப்பற்று ஒருபுறமிருக்க, நியாயமும் அவர்கள் பக்கமே.

முதற் பகுதி முடிந்தபின் இரண்டாம் பகுதி. வேகவைத்த பலவகை இறைச்சியைத் துண்டமிட்டுப் பச்சிலைத் துவையலோடு கொண்டுவருவார்கள். அல்லது பாற்கட்டியும் உலர்த்திய தொடையிறைச்சியும் போர்த்திய கன்றிறைச்சி. காய்கறியைத் தனியே கேட்க வேண்டும், கேளாவிட்டால் வராது. மோர்த்தடெல்லா என்ற பருத்த இறைச்சிக்குழலைப் போலி செய்வதைத் தடுக்க 1661ஆம் ஆண்டிலேயே இந்நகரத்துக் கர்தினால் ஒருவர் கட்டளை பிறப்பித்திருக்கிறார். ஆகவே பதிவேட்டுப் பற்று நேற்றுத் தோன்றியதன்று. பார்மிஜானோ றெஜ்ஜானோ என்னும் பாற்கட்டியின் ஒரு சக்கரம் ஏறத்தாழ 40 கிலோகிறாம் நிறையுடையது. அதற்கு 500 இலீற்றருக்கு மேற் பால் செல்லும். பன்னிரண்டு மாதமாவது முதிராமல் அதற்கு அப்பெயரை இடலாகாது. பொலோஞா மாகாணத்திலும் றேனோ ஆற்றுக்கு மேற்கேயுள்ள நிலத்திற் செய்ததே அப்பெயருக்கு உரியது. ஆற்றைத் தாண்டினால் அதே பாலுக்கும் உரிமை இல்லை. இனிப்புப் பற்றி விரித்துரைக்க அதிகமில்லை.

உண்ணும் முறையிலே சில விலக்குகள் உண்டு. தாலியத்தெல்லேயைக் கத்தியால் வெட்டலாகாது. மீன் சேர்ந்த பாஸ்தாவின்மேற் பாற்கட்டித் தூள் தூவலாகாது. உணவுக்குப் பின் பால் கலந்த கோப்பி கேட்டலாகாது, அது காலைக்குரியது. உண்டபின் ஒரு மிடறு கருங்கோப்பி போதும். இவை சட்டங்களல்ல, மீறுபவரை எவரும் வெளியேற்றுவதில்லை. ஆனால் தட்டிலே மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்து உண்பதை, நாகரிக நூல்கள் தடுத்தாலும், இந்தச் சாலைகளில் ஒருவரும் தடுப்பதில்லை. அடுக்களைக் கதவின் இடைவெளியூடே தட்டு வெறுமையாகத் திரும்புவதைத் தாய் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அந்தத் தாயைப் பற்றியே இங்கு அதிகம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஒரு தட்டுத் தோர்த்தெல்லீனியை உண்டு முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அதனை ஒவ்வொன்றாக மடித்த விரல்கள் எடுத்த நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டால், நடுத்தர வருவாயுள்ள எவரும் அதனை வாங்கமாட்டார். அந்த விலையை இத்தனை காலம் தாங்கிக்கொண்டது குடும்பமே. தாய்க்குச் சம்பளம் இல்லை. பாட்டி மாலைவேளையில் அமர்ந்து மடித்தாள். அதற்கும் சம்பளம் இல்லை. பாடசாலை முடிந்து வந்த மகள் மேசை துடைத்தாள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு. ஆகஸ்ட் மாதத்து மாதா திருநாளை ஒட்டிச் சில நாட்கள் கதவடைப்பு. மற்றைய நாட்களெல்லாம் விடியலிலிருந்து நள்ளிரவு வரை. குடும்ப உணவுச்சாலையின் இனிமையைப் புகழ்ந்து எழுதும் பயணிகள் இதனைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அவர்கள் உண்ட உணவின் ஒரு பகுதிக்கு விலை கொடுக்கப்படவே இல்லை. அதனைக் கொடுத்தவர் அடுக்களையிலே நின்ற பெண்.

மக்கள் படித்தார்கள். தொள்ளாயிரம் ஆண்டு கடந்த பல்கலைக்கழகம் அதே தெருக்களில் இருக்கும்போது படிக்காமலிருப்பது எப்படி? மகள் மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வேறு நகரில் வாழ்கிறாள். அவளுக்குத் தகடு விரிக்கத் தெரியும், விரிக்க நேரமில்லை. அவளைக் குறைகூறுவது நேர்மையாகாது. தாய்தானே அவளைப் படிக்க அனுப்பினாள்! ஆகவே தாய்க்கு எழுபது வயதாகும்போது குடும்பத்தின் முன் மூன்று வழிகளே இருக்கின்றன. கதவை மூடிவிடலாம். பெயரை மட்டும் விற்றுவிடலாம்; வாங்கியவர் பழைய புகைப்படங்களைச் சுவரிலேயே விட்டுவைத்து, தொழிற்சாலைத் தோர்த்தெல்லீனியைப் பரிமாறுவார். அல்லது, கற்றுக்கொள்ள விரும்பும் பிறர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவருக்குக் கையைப் பழக்கலாம்.

மூன்றாவது வழியிலே வருபவர் பெரும்பாலும் அந்நாட்டிற் பிறந்தவரல்லர். இத்தாலியின் உணவுச்சாலை அடுக்களைகள் பலவற்றிலே வங்காளதேசத்தவரும், எகிப்தியரும், கிழக்கு ஐரோப்பியரும், இலங்கையரும் உழைக்கின்றனர். இலங்கையர் மட்டும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நாட்டில் வாழ்கின்றனர். மேற்குக் கரையிலுள்ள வென்னப்புவைப் பகுதி, அங்கு சென்றோர் அனுப்பிய பணத்தாலும் கட்டிய வீடுகளாலும், சின்ன இத்தாலி என்றே பெயர்பெற்றுவிட்டது. அவர்களிற் பெருந்தொகையினர் வீட்டுப்பணியும் முதியோர் பராமரிப்பும் செய்கின்றனர். சிலர் உணவுச்சாலைகளில் உள்ளனர். பாத்திரம் கழுவ வந்தவர் சில ஆண்டுகளிலே வெங்காயம் அரிகிறார். பின்னர்க் குழம்பைக் கிளறுகிறார். ஒருநாள் உருளைக்கட்டை அவர் கைக்கு வருகின்றது.

பிறநாட்டார் விரித்த தகடு பொலோஞாவின் தகடாகுமா என்று கேட்பவர்கள் அந்நகரிலும் உளர். அவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. இந்தக் கலை இரத்தத்திலே வருவதன்று. அஸ்தோராவின் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் வேற்றூர்ப் பெண்ணே. அவளும் மாமியாரின் பலகையருகே நின்றுதான் கற்றாள், முதல் நூறு தகடுகளைக் கிழித்துக்கொண்டுதான் கற்றாள். கொழும்பிலிருந்தோ டாக்காவிலிருந்தோ வந்தவர் கற்பதும் அவ்வாறே. வேறுபாடு கூலியில் இருக்கிறது. மருமகளுக்குக் கொடுக்காத சம்பளத்தை இவருக்குக் கொடுத்தாக வேண்டும். அப்போது தட்டின் விலை ஏறும். ஏறிய விலையைப் பக்கத்துத் தொழிற்கூடத்து ஆள் கொடுப்பாரா, சுற்றுலாப் பயணி மட்டுமே கொடுப்பாரா என்பதிலே அச்சாலையின் இயல்பு தங்கியிருக்கிறது. ஊரார் வராத சாலையிலே சமையல் சிறிது சிறிதாகப் பயணியின் நாவுக்கு வளைந்துகொடுக்கும். பாலாடைக் குழம்பு பெருகும். கோழிச் சாறு மறையும்.

இதனை எதிர்த்த இயக்கங்களும் உண்டு. 1986இல் உரோமாபுரியின் ஸ்பானியச் சதுக்கத்திலே அமெரிக்க விரைவுணவுச்சாலை ஒன்று திறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து, கார்லோ பெத்திரீனி என்பவர் தலைமையிலே மெதுவுணவு இயக்கம் வளர்ந்தது. அவ்வியக்கத்தார் 1990 முதல் வெளியிட்டுவரும் ஒஸ்தெரியா வழிகாட்டி நூல், நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்க் குடும்பச் சாலைகள் பலவற்றுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது. இன்னொரு முயற்சியும் நடந்தது. 2017இலே பொலோஞாவின் புறத்தே, நாட்டின் உணவு வகைகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ் காட்டும் மாபெரும் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2024இலே வேறு பெயருடன் மீண்டும் திறக்க நேர்ந்தது. நகரத்துள்ளே பத்து மேசையுள்ள சாலைகளின் வாசலிலோ மக்கள் வரிசையாகக் காத்துநிற்கிறார்கள்.

சில சாலைகள் இப்போது பலகையை அடுக்களையிலிருந்து தெருவோரச் சாளரத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. ஸ்ஃபோலீனா கண்ணாடிக்குப் பின்னே நின்று தகடு விரிக்கிறாள். வழிப்போக்கர் படம் எடுக்கிறார்கள். வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்களே என்று வருந்துவோர் இருக்கலாம். ஆனால் கண்ணாடிக்குப் பின்னே நிற்பவளுக்கு மாதச் சம்பளம் உண்டு. வேலை நேரம் உண்டு. அவள் தொழிலுக்கு ஒரு பெயர் உண்டு. நகரிலே தகடு விரிக்கக் கற்பிக்கும் பள்ளிகளும் நடக்கின்றன. முன்பு மாமியாரிடம் மட்டுமே கற்கக்கூடியதாயிருந்ததை இப்போது கட்டணம் செலுத்தி ஆண்களும் கற்கிறார்கள். பொன் நாடாவைப் பேழையில் வைத்த வர்த்தக மன்றத்தின் செயலைவிட இதுவே அந்த நாடாவுக்கு ஆயுளைக் கூட்டுவது எனலாம்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சாலை ஓய்கின்றது. முதியவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மறுநாளைக்கும் அதே மேசை என்று சொல்லாமற் சொல்லி எழுகிறார். உள்ளே, பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை. கழுவினால் மரம் வளையும். ஒட்டிய மாவைத் தகட்டுக் கத்தியாற் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்துச் சுவரோடு சாய்த்து வைக்கிறார்கள். நத்தார் நெருங்கும் நாட்களில் அதற்கும் நேரமிராது. பொலோஞாவின் வீடுகளிலெல்லாம் அன்று தோர்த்தெல்லீனிச் சாறு வேண்டும். ஆனால் மடிப்பதற்கு வீட்டிலே ஆளில்லை. ஆகவே நகரத்தார் தத்தம் தாய்மார் செய்த வேலையைத் திராத்தொரியாவிடமும் கடைகளிடமும் கிலோக்கணக்கில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். அந்நாட்களிலே அடுக்களை மேசையைச் சுற்றி, மருத்துவரான மகளும் விடுமுறையில் வந்து அமர்ந்து மடிக்கிறாள்; அவளுக்குப் பக்கத்திலே, சம்பளத்துக்கு வந்தவரும் அமர்ந்து மடிக்கிறார். மடித்தவற்றைத் தட்டிலே பரப்பியபின், எது யார் மடித்தது என்று தாய்க்கு மட்டும் தெரியும்.